மூன்று முறை கூப்பிட்டும் வராத சாட்சி

ஜனவரி 22, திங்கள்

மளிகைக்கடைக்காரர் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி மூன்று வாரமாக டிவி மேல் சும்மா கிடந்தது. பத்தாம் வகுப்போடு எழுத்து வேலையை முடித்துக்கொண்டவனுக்கு டைரி எதற்கு என்று என் மனைவி வேலுமணி முதல் நான்கு பக்கத்தில் கோலம் போட்டுப் பார்த்திருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறது.

இன்று கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. கொண்டுவந்த ஏட்டு, "பிப்ரவரி ஆறாந்தேதிங்க. எங்கியாச்சும் எழுதி வைங்க, மறந்துருவீங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

சம்மன் எனக்கில்லை, என் மகள் கோகிலவாணிக்கு. பிறந்த அன்று அவள் அழுத அழுகையைக் கேட்டு நான்தான் அந்தப் பெயரை வைத்தேன். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது என்பது ஒன்றரை வயதில்தான் தெரிந்தது. பெயரை மாற்றச் சொன்னார்கள். ரேஷன் கார்டில் ஏறிவிட்டது, அப்படியே விட்டுவிட்டேன். வீட்டில் கோகி. காது கேளாதோர் பள்ளியில் பத்தாவது முடித்து, கடைவீதியில் தனியாகத் தையல்கடை வைத்திருக்கிறாள்.

நான் கல்யாண மண்டபத்தில் மேனேஜர். மேனேஜர் என்றால் சாவி, ஜெனரேட்டர், மைக். "மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட வரலாம்" என்று நான் சொன்னால் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களும் எழுந்து வந்துவிடுவார்கள் என்பார் சமையல்காரர். ஊரிலேயே பெரிய தொண்டை எனக்கு. அதை இதுவரை கேட்காத ஒரே ஆள் என் மகள்.

வழக்கு இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோகியின் கடைக்கு எதிரே ஒரு கார், கீரை விற்கும் பழனாத்தாள் மேல் ஏறிவிட்டது. கால் போயிற்று, உயிர் தப்பியது. கார் அரிசி ஆலை முதலாளியுடையது. ஓட்டியது அவருடைய டிரைவர் பூபதி என்று ஆலைக்காரர்கள் சொன்னார்கள், போலீசும் அப்படியே எழுதிக்கொண்டது. பூபதி இல்லை என்கிறான். முதலாளியின் மகன் ஓட்டினான், நான் அப்போது தையல்கடையில் இருந்தேன் என்கிறான். அதற்குச் சாட்சி கோகி மட்டும்தான்.

போலீஸ் விசாரித்தபோது அவள் கையால் சொன்னதை நான்தான் எடுத்துச் சொன்னேன். நல்லபடியாகத்தான் சொன்னேன்.


ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். பழனிக்குப் போகிற காவடிக் கூட்டத்துக்கு மண்டபத்தில் மோர் கொடுத்தோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கோகி தன் அம்மாவிடம் முஷ்டியை வாய்க்கு நேரே வைத்து ஏதோ காட்டிக்கொண்டிருந்தாள். கொய்யாப்பழம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து அதே ஆசை. திரும்பவும் செருப்பைப் போட்டுக்கொண்டு போய் ஒரு கிலோ வாங்கி வந்தேன்.

வேலுமணி, "இப்ப எதுக்குங்க இது?" என்றாள். இந்த வீட்டில் என் கவனிப்புக்கு மரியாதை அவ்வளவுதான்.


பிப்ரவரி 6, செவ்வாய்

கோர்ட்டுக்குப் போனோம். என் மகள் பேரில் வாரண்ட் வாங்கிக்கொண்டு வந்தோம்.

நடந்ததை வரிசையாக எழுதினால்தான் எனக்கே விளங்கும். பத்து மணிக்கே போய் வராந்தா பெஞ்சில் கோகியை உட்கார வைத்தேன். அங்கே பெயர் கூப்பிடுகிறவர் அங்கப்பன். வெள்ளை உடுப்பு, மார்பில் குறுக்கே சிவப்புப் பட்டை, கையில் கட்டுக் காகிதம். அவர் கதவருகே வந்து கூப்பிட்டால், ஒவ்வொரு பெயருக்கும் நாலு பேர் எழுந்து, "யாருங்க, யாருங்க?" என்று ஒருவரை ஒருவர் கேட்டு, திரும்ப உட்காருகிறார்கள். காது கேட்கிறவர்கள் நிலைமை அது.

பன்னிரண்டு மணி வரைக்கும் நான் அசையவில்லை. அதற்குமேல் என் வயது ஒத்துழைக்கவில்லை. கழிப்பறை கோர்ட்டுக்குப் பின்னால் சப்-ஜெயில் சுவர் ஓரம் இருக்கிறது. போய்விட்டு வந்தால் கோகி அதே இடத்தில் உட்கார்ந்து, எதிரே இருந்த ஒரு குழந்தைக்கு கைக்குட்டையில் எலி செய்து காட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் மூன்று முறை கூப்பிட்டு, சாட்சி ஆஜராகவில்லை என்று எழுதி, வாரண்டும் போட்டாயிற்று.

அங்கப்பனைப் பிடித்தேன். "ஏனுங், எம் புள்ளைக்குக் காது கேக்காதுங்க. இதா, இங்கயேதான் இருந்துச்சு."

"அதெப்படிங்க எனக்குத் தெரியும்? பேர் போட்டிருக்குது, கூப்பிட்டனுங்க. மூணு தடவ சத்தமாக் கூப்பிட்டனுங்க."

"எத்தன சத்தமாக் கூப்பிட்டா என்னங்க?"

அவர் கொஞ்சம் யோசித்து, "அதுவும் செரிதானுங்க" என்றார். ஆனால் எழுதினது எழுதினதுதான்.

கோகி என்னைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டாள். உன்னைப் பிடிக்கப் போலீசிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று காட்டினேன். அவள் பத்தடி தள்ளி நின்ற போலீஸ்காரரைக் காட்டி, அவரா என்றாள். அந்த மனுஷர் எங்களுக்கு வணக்கம் வைத்தார்.


பிப்ரவரி 7, புதன்

"கோர்ட்ல போயி புள்ளய விட்டுட்டு எங்கீங்க போனீங்க?" இன்று முழுவதும் வீட்டில் இதே கேள்வி.


பிப்ரவரி 20, செவ்வாய்

வாரண்டை ரத்து செய்தார்கள். ஜட்ஜய்யா சின்ன வயசுக்காரர், கோபக்காரர் இல்லை. "பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணுக்கா வாரண்ட் போட்டோம்?" என்று தன் குமாஸ்தாவைக் கேட்டார். குமாஸ்தா மேலே சுற்றாத மின்விசிறியைப் பார்த்தார்.

கோகியைக் கூண்டில் ஏற்றினார்கள். முதலில், எழுதத் தெரியுமாம்மா, எழுதிக் காட்டட்டும் என்றார். கோகி எழுதினாள். கையால் பேசுகிறவர்கள் தமிழை எழுதினால் சொற்கள் வரும், கோர்வை வராது. "சட்டை என் கை. தையல். தரை நடுங்கு. அவர் எழு ஓடு." அரசு வக்கீல் அதை வாங்கித் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.

"இத வச்சு என்னங்கய்யா பண்றது? அப்பா இருக்காரு, அவரே சொல்லட்டும்."

நான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். மைக் இல்லையே என்று ஒரு குறை, மற்றபடி தயார்தான். அப்போது பூபதி பக்க வக்கீல் எழுந்தாள். எஸ்தர் என்று பேர், சட்ட உதவி மையம் அவனுக்கு இலவசமாகக் கொடுத்த வக்கீல். ரொம்பச் சின்னப் பெண், கறுப்புக் கோட்டு தோளில் நிற்கவில்லை.

"அய்யா, போலீஸ்லயும் இதே அப்பாதான் சொல்லியிருக்கார். அவர் சொன்னது சரியாங்கிறதையே அவர்கிட்ட கேட்க முடியாதுங்க. சம்பந்தமில்லாத, சைகை மொழி படிச்ச ஒருத்தர் வேணும். அதை வீடியோ எடுக்கணும்னும் சட்டத்துல இருக்கு."

ஜட்ஜய்யா, "சட்டத்துல இருக்கு. கோர்ட்ல இல்லையே அம்மா" என்றார். யார் வருவார்கள், யாரைக் கேட்பது என்று ஒரு பட்டியல்கூடக் கிடையாதாம். கடைசியில், ஈரோட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார், எழுதிக் கேட்கலாம் என்று வாய்தா போட்டார்.

பெற்ற அப்பனைச் 'சம்பந்தப்பட்டவர்' என்று சொன்னது எனக்குச் சுருக்கென்றது. இருபத்தைந்து வருஷமாக இவளுக்கு நான்தான் வாய். டாக்டரிடம் நான், பள்ளிக்கூடத்தில் நான், துணிக்கடையில் நான். ஒரு புகார் வந்ததில்லை.

வெளியே பூபதி நின்றான். லைசென்ஸ் போலீசிடம் இருப்பதால் இப்போது காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். கோகியைப் பார்த்து அவன் விரல்களை ஏதோ மடக்கி நீட்டினான். பாவம், மூட்டை தூக்கி நரம்பு இழுத்துக்கொண்டது போல.


மார்ச் 8, வெள்ளி

டீச்சர் வந்தார், வீடியோ எடுக்க ஆள் இல்லை. வாய்தா.

டீச்சர் பெயர் மரகதம். இரண்டு பஸ் மாறி வந்தவர், ஒரு முகச்சுளிப்பு இல்லை. வராந்தாவில் கோகியோடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார், அவள் பாஷை தனக்குப் புரிகிறதா என்று பார்க்க. வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கக் கூடாதாம். அதனால் சினிமா, சமையல், தையல் என்று போயிருக்கும். நான் தூண் ஓரம் நின்று பார்த்தேன்.

எனக்குத் தெரிந்த கைப்பேச்சு வீட்டுக்குள் நாங்களே உண்டாக்கியது. சோறு, குளி, பஸ், போதும், அம்மா எங்கே. அதற்குள் அடங்கிய பெண் என்றுதான் நினைத்திருந்தேன். இன்று அவள் கை போன வேகத்தை என்னால் கண்ணால் பிடிக்க முடியவில்லை. புருவம் ஏறுகிறது, உதடு கோணுகிறது, தோளை ஒருக்களித்து யாரையோ நடித்துக் காட்டுகிறாள். மரகதம் டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"என்னங்க சொல்லுது?" என்றேன்.

"சட்டைக்கு அளவு கொடுக்க வர்றவங்க வயித்த எப்படி எக்கிக்குவாங்கன்னு சொல்றாங்க. உங்க பொண்ணு பயங்கரமான ஆளுங்க."

எங்கள் வீட்டில் தமாஷ் பேசுகிற ஆள் நான் என்றுதான் இதுவரை பேச்சு.

எஸ்தர் பக்கத்தில் வந்து, "அங்கிள், பூபதி சட்டையக் கொடுத்துட்டுப் போயிட்டார்னு போலீஸ் வாக்குமூலத்துல இருக்கே. அது..." என்று ஆரம்பித்தாள். எனக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.


மார்ச் 12, செவ்வாய்

மண்டபத்தில் தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது. பூபதியின் சட்டை ஒன்று கோகி கடையில் தொங்குகிறது, தோள்பட்டைத் தையல் விட்டிருக்கிறது. அந்தப் பையனுக்குச் சட்டை அடிக்கடி கிழிகிறது. மூட்டை தூக்கினால் கிழியத்தான் செய்யும். வேலுமணியிடம் சொன்னேன். சிரித்தாள். எதற்கென்று சொல்லவில்லை.


மார்ச் 21, வியாழன்

வீடியோக்காரரைப் பிடித்து வைத்திருந்தார்கள். தேர்தல் வேலைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாய்தா.

மரகதம் டீச்சர் இன்றும் வந்து திரும்பினார். எஸ்தர் கோபமாக ஜட்ஜிடம் கேட்டாள்: மாவட்டத்துக்கு ஒரு பட்டியல், ஒரு கேமரா, பெயரைக் கூப்பிடுவதோடு எழுதியும் காட்ட ஒரு போர்டு, இந்த மூன்றும் இருந்தால் இந்தச் சாட்சி முதல் நாளே முடிந்திருக்கும் அய்யா என்றாள். ஜட்ஜய்யா, "மனுவா எழுதிக் கொடுங்க, மேல அனுப்பறேன். போர்டுக்கு மட்டும் மேல போக வேண்டியதில்லை" என்றார்.

பூபதியின் தாய் மாராத்தாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஆலைக்காரர்கள் மறுபடி ஆள் அனுப்பினார்களாம். ஓட்டினேன் என்று ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் வழக்கு முடியும், அபராதத்தை நாங்கள் கட்டிவிடுகிறோம், பழையபடி வேலைக்கும் வரலாம் என்று.

"இல்லீங்கறவன் ரெண்டு வருசமா அலையறானுங்க. ஆமாங்கறவனுக்கு ஒரே நாளு. என்ன கணக்குங்க இது?" என்றார். "அவன் ஒத்துக்க மாட்டீங்கறான். ஓட்டாத வண்டிய எப்படிம்மா ஓட்டுனேன்னு சொல்றதுங்கறான். செயிலுக்குப் போறதுன்னா போறேங்கறான்."

வீட்டுக்கு வந்ததும் வேலுமணி கதவைச் சாத்தினாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"ஏனுங், அன்னிக்கு ஸ்டேசன்ல நானும்தான் கூட இருந்தேன். கோகி சொன்னது அது இல்லையே."

"எது?"

"சட்டையக் கொடுத்துட்டுப் போயிட்டாருன்னு எங்கீங்க சொல்லுச்சு? அவரு அங்கயே உக்காந்திருந்தாரு, சட்ட எங்கையில இருந்துச்சுன்னு சொல்லுச்சு."

டைரிக்கு என்ன, எழுதுகிறேன். பூபதி சட்டைப் பையைத் தைக்கக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பனியனோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவள் தைத்துக்கொண்டிருக்கும்போதுதான் கார் மோதியது. அவன் பனியனோடே ஓடிப்போய்ப் பழனாத்தாளைத் தூக்கினான். கோகி அன்று சொன்னது இதுதான்.

ஸ்டேஷனில் பெஞ்சு நிறைய ஆட்கள். கல்யாணத்துக்கு இருக்கிற பெண். அவள் கடைக்குள் ஒருவன் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருந்தான் என்று எந்த அப்பன் நாலு பேர் முன்னால் வாயால் சொல்வான்? கொடுத்துவிட்டுப் போனார், அப்புறம் வந்து வாங்கிக்கொள்வார் என்று சொன்னேன். கசங்கினதை இஸ்திரி போட்டுச் சொன்ன மாதிரிதான். அதில் ஒருவனுடைய நேரம் மடிந்து போகும் என்று எனக்குத் தெரியுமா?

இப்போது அரசு வக்கீல் என்ன சொல்கிறார் என்றால், சட்டையைக் கடையில் கொடுத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய் மோதிவிட்டான் என்கிறார். என் இஸ்திரி அந்த அழகு.


மார்ச் 24, ஞாயிறு

எஸ்தரிடம் சொல்லிவிடலாம் என்று அவள் வீட்டுத் தெருமுனை வரைக்கும் போனேன். கொய்யாப்பழ வண்டி நின்றது. வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.


ஏப்ரல் 10, புதன்

அங்கப்பன் மண்டபத்துக்கு வந்தார். போர்டு வாங்க டெண்டர் விடணுமாம், விட்டால் தீபாவளி தாண்டுமாம். "உங்ககிட்டப் பழசு ஏதாச்சும் கெடக்குதுங்களா?"

சாமான் அறையில் ஒன்று கிடந்தது. கல்யாண வாசலில் பொண்ணு மாப்பிள்ளை பெயர் எழுதி வைக்கிற கரும்பலகை, கால் வைத்தது. மண்டப முதலாளியிடம் கேட்டுக் கொடுத்துவிட்டேன். மேலே கைகூப்பிய பெண்ணின் படமும் 'நல்வரவு' என்ற எழுத்தும் இருக்கும். அழித்துப் பார்த்தோம், போகவில்லை. எனாமல் பெயிண்ட்.


ஏப்ரல் 30, செவ்வாய்

எல்லாரும் வந்திருந்தார்கள். டீச்சர், கேமரா, கேமராக்காரர், கரண்ட்.

வராந்தாவில் எங்கள் போர்டு நின்றது. 'நல்வரவு', அதன் கீழே வழக்கு எண், அதற்கும் கீழே சாக்பீஸில் 'சாட்சி: கோகிலவாணி'. அங்கப்பன் எழுதிவிட்டுக் கோகியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் யாரும் தொடாமல், யாரும் தள்ளாமல் தானே எழுந்து உள்ளே போனாள். அப்புறம் கவனித்தேன், காது கேட்கிறவர்களும் அங்கப்பன் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னைக் கடைசி பெஞ்சில், கோகிக்கு என் முகம் தெரியாதபடி உட்காரச் சொன்னார்கள். மரகதம் டீச்சர் சத்தியம் செய்துவிட்டு அவளுக்கு எதிரே நின்றார். அவள் கை பேசப் பேச இவர் வாய் சொன்னது. என் மகளுக்கு இப்படி ஒரு குரல் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். நிதானமான குரல்.

"அவர் பனியனோட ஸ்டூல்ல உக்காந்திருந்தார். சட்டை என் மிஷின்ல இருந்துச்சு. பாதி தச்சிருந்தேன். கால் மிதிக்கிற பலகை அதிர்ந்துச்சு. எனக்குச் சத்தம் கேக்காது, தரை சொல்லும். தலையத் தூக்குனேன். அவரு எழுந்து ஓடறாரு. கார்ல இருந்து வேற ஒரு ஆள், கண்ணாடி போட்டவர், டிரைவர் பக்கத்துக் கதவத் தொறந்து எறங்குனாரு."

அரசு வக்கீல் எழுந்தார். "சட்டையக் கொடுத்துட்டு அவர் போயிட்டாருன்னு போலீஸ்ல சொல்லியிருக்கீங்களே?"

டீச்சர் கையால் கேட்டார். கோகி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"நான் சொல்லல. எங்கப்பா சொன்னார்."

கோர்ட்டில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. நான் பெஞ்சுக்கு அடியில் எதையோ தேடினேன். கோகி இன்னும் நிறுத்தவில்லை.

"எங்கப்பா நல்லவர். ஆனா கல்யாண மண்டபத்துல மைக் புடிக்கறவரு. நான் ஒரு வரி சொன்னா பத்து வரி பேசுவாரு. பத்து வரி சொன்னா, அதுல அவருக்குப் புடிச்ச ஒரு வரிய மட்டும் பேசுவாரு. இங்க நான் சொன்னது மட்டும் எழுதுங்க."

ஜட்ஜய்யா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கதானே அப்பா? வாங்க."

என்னையும் கூண்டில் ஏற்றினார்கள். சத்தியம் வாங்கினார்கள். ஊரையே பந்திக்குக் கூப்பிடுகிற தொண்டை, காற்றுப் போன ட்யூப் மாதிரி வந்தது.

"ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"பனியனுங்கய்யா."

"பனியனா?"

"கல்யாணமாகாத புள்ளைங்க. கடைக்குள்ள ஒருத்தன் பனியனோட உக்காந்திருந்தான்னு ஸ்டேசன்ல எப்படிங்கய்யா சொல்றது? அதான்... பனியன எடுத்துட்டேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அங்கப்பன்தான், சத்தியமாக. ஜட்ஜய்யா சிரிக்கவில்லை.

"நீங்க பனியன எடுத்தீங்க. அதுல ஒரு ஆள் ரெண்டு வருஷமா லைசென்ஸ் இல்லாம இருக்காரு. இன்னும் ரெண்டு வருஷம் உள்ள போயிருப்பாரு. தெரியுதுங்களா?"

"தெரியுதுங்கய்யா."

"பொண்ணு சொன்னது என்ன?"

சொன்னேன். வேலுமணி கதவைச் சாத்திவிட்டுச் சொன்னதை அப்படியே சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. குற்றவாளிக் கூண்டில் பூபதி தலையைக் குனிந்து நின்றான். காது மடல் சிவந்திருந்தது. பழனாத்தாளும் ஏற்கெனவே, தன்னைத் தூக்கியது பனியன் போட்ட ஒரு பையன், கார்க்காரன் கிட்டேயே வரவில்லை என்று சொல்லியிருக்கிறாராம். அதை யாரும் எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் கோகியைப் பார்க்க எனக்கு வெட்கம். அவள் என் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.


மே 1, புதன்

லீவு. கோகியிடம் எனக்கு உன் பாஷையைச் சொல்லிக்கொடு என்று காட்டினேன். எப்படிக் காட்டினேனோ, அவள் எனக்குப் பல்வலி என்று நினைத்து வெந்நீர் கொண்டுவந்தாள். அப்புறம் விளங்கிக்கொண்டாள். நாள் முழுக்கப் படித்தேன். விரல் பிடித்துக்கொண்டது. என்னுடையது நிஜமான நரம்பு.

சாயங்காலம் மரகதம் டீச்சர் வீடியோ காலில் வந்தார். ஒவ்வொரு ஆளுக்கும் அவர்கள் பாஷையில் ஒரு பெயர் உண்டாம். வேலுமணிக்கு மூக்குத்தி. எஸ்தருக்குத் தோளில் நழுவுகிற கோட்டு.

"எனக்கு இருக்குதுங்களா?"

கோகி முஷ்டியை வாய்க்கு நேரே வைத்தாள்.

"மைக்" என்றார் டீச்சர். "எட்டு வயசுல இருந்து உங்களுக்கு அதுதான் பேருங்களாம்."

நான் வேலுமணியைப் பார்த்தேன். வேலுமணி பழக்கூடையைப் பார்த்தாள். இந்த வீட்டில் கொய்யாப்பழம் தீர்ந்ததே இல்லை. என் மகள் ஒவ்வொரு முறை என்னைப் பற்றிப் பேசியபோதும் நான் கடைக்குப் போயிருக்கிறேன்.


ஜூன் 11, செவ்வாய்

பூபதி விடுதலை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லாமல், இவர் ஓட்டவில்லை என்றே எழுதியிருப்பதாக எஸ்தர் சொன்னாள். ஓட்டியது யார் என்று போலீஸ் புதிதாக விசாரிக்க வேண்டுமாம். இனிமேல் பேச முடியாதவர்களிடம் வாக்குமூலம் வாங்கும்போது வீட்டு ஆட்கள் சொல்வதை எழுதிக்கொள்ளக் கூடாது என்றும் தீர்ப்பில் ஒரு பத்தி இருக்கிறதாம். என் பெயர் அதில் இல்லை, 'சாட்சியின் தந்தை' என்றுதான் இருக்கிறது. கௌரவமாகத்தான் இருக்கிறது.

மாராத்தாள் கோகியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பூபதி வழக்கம்போல விரல்களை மடக்கி நீட்டினான். இப்போது எனக்குக் கொஞ்சம் படிக்க வரும். 'கடை', 'நாளை', 'சட்டை'.

நல்ல சட்டைதான் போட்டிருந்தான். எங்கேயும் கிழியவில்லை.


ஜூன் 16, ஞாயிறு

பூபதியும் மாராத்தாளும் வீட்டுக்கு வந்தார்கள். பூ, பழம், தேங்காயோடு வந்ததால் எதற்கு என்று கேட்கிற வேலை மிச்சம். வேலுமணி முன்கூட்டியே கேசரி செய்து வைத்திருந்தாள். எனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் எவ்வளவு பேச்சு நடந்திருக்கிறது, அத்தனையும் சத்தமில்லாமல்.

மாராத்தாள் என்னைப் பார்த்து, "புள்ளைக்குச் சம்மதமுங்களா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"அதையே கேளுங்க" என்றேன்.

கோகியிடம் கேட்டார்கள். அவள் எழுந்து நின்று சொன்னாள். நீளமாக, புருவம், தோள், எல்லாம் சேர்த்து. எனக்குப் பாதி புரிந்தது. மாராத்தாள், "என்னங்க சொல்லுது?" என்றார்.

"நான் சொல்றனுங்க" என்றான் பூபதி.

"நீங்க சம்பந்தப்பட்டவரு. நீங்க சொன்னாச் செல்லாதுங்க" என்றேன். பூபதி முதல் முறையாக என் எதிரே வாய்விட்டுச் சிரித்தான்.

மரகதம் டீச்சரை வீடியோவில் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். போனைக் கொடியில் மாட்டிவிட்டுக் கேட்டார், கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சம்மதம். கடைய விட மாட்டேன், அது கல்யாணத்துக்கு அப்புறமும் நடக்கும். லைசென்ஸ் திரும்ப வந்த பிறகுதான் முகூர்த்தம். அப்பாவோட மண்டபத்துலயே வச்சுக்கலாம். வாசல்ல பேர் எழுதற போர்டு கோர்ட்ல இருந்து திரும்ப வாங்கக் கூடாது, அது அங்கயே இருக்கணும். கல்யாணத்தன்னைக்கு அப்பா மைக்குல பேசலாம். ஆனா பக்கத்துல டீச்சர் நிக்கணும். அப்பா என்ன சொல்றாருன்னு எனக்கும் தெரியணும்."

மாராத்தாள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் தாம்பூலத் தட்டை எடுக்கப் போகிற சாக்கில் சமையலறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். கேசரி நன்றாக இருந்தது.

திரும்பி வந்தபோது கோகி என்னைப் பார்த்து முஷ்டியை வாய்க்கு நேரே வைத்தாள்.

கால் பழக்கத்தில் செருப்பை நோக்கித் திரும்பியது. அப்புறம் நின்று, போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன என்று கையால் கேட்டேன்.